இடது கைக்குக் கட்டிய கம்ப்யூட்டர்

லேப்டாப்பைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு அம்புக்குறி மட்டும் நின்றுகொண்டிருந்தது. மெனு இல்லை, கடிகாரம் இல்லை, பேருக்கு ஒரு படம்கூட இல்லை. எந்தக் கீயைத் தட்டினாலும் அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, பூட்ச்சா?"

மாமா என்றால் என் கணவர். அத்தை மகன்தான், சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீடு. அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை உள்ளே வைத்து பட்டனை அமுக்கினால் மேலிருந்து டை என்ற இரும்பு அச்சு இறங்கி, வண்டிகளுக்கான சின்னச் சின்ன பாகங்களாக வெட்டிப் போடும் மெஷினில் நிற்பார். அந்த மெஷின் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம்.

செய்தி வந்தபோது நான் புதுவாயலில், நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் யாருக்கோ ரேஷன் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய ஷிப்டில் இருக்கும் தம்பி ஒருவன் அழுதான். "மெஷின் தானா ரெண்டாவது தபா எறங்கிடுச்சு அண்ணி" என்றான். அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. அங்கே போனதும் மாமாவும் அதையேதான் சொன்னார், மெஷின் தானாக இறங்கியது என்று. நான் அந்த மெஷினைச் சபித்தேன். அதைச் சரியாகப் பராமரிக்காதவர்களைச் சபித்தேன். சொந்தக்காரர் யார் வந்து கேட்டாலும் அந்தக் கதையையே சொல்லி, சொல்லும்போதெல்லாம் புதிதாகக் கோபப்பட்டேன்.

காயம் ஆறிய பிறகு கம்பெனி மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒரு சீட் காலியாகப் போகிறது. எந்த மெஷினிலிருந்து எவ்வளவு மால் வருகிறது, எந்த வண்டியில் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஒரு டெஸ்ட் வைப்போம், தேறினால் அந்த சீட் உனக்கு, இல்லையென்றால் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு வீட்டில் இரு என்றார். மாமா பிறந்ததிலிருந்து கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. தொடுவதற்கு இருந்ததும் இடது கை ஒன்றுதான். அந்த சீட் கிடைக்காவிட்டால் முப்பத்தைந்து வயது மனிதர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அப்போதே பாதி அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்களிடம் இருந்தது நான் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அதை ஆன் செய்துவிட்டுப் போய், உலை வைத்து, சோறு வடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதில் எங்கே கற்றுக்கொடுப்பது? நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். படித்த படிப்புக்கு அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன் என்றாலும், கல்லூரி லேபில் லினக்ஸ் தொட்டிருக்கிறேன். உள்ளே இருப்பதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, லினக்ஸின் அடிப்படையை மட்டும் ஏற்றி, அதன் மேல் நமக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக வைத்தால் இந்தக் கிழட்டு லேப்டாப்பும் ஓடும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து இறங்கினேன். வந்து நின்றது அந்தக் கறுப்புத் திரை.

மெஸேஜில் ஒரு தோழியைக் கேட்டேன். "ரைட் கிளிக் பண்ணுடி, பைத்தியம்" என்று பதில் வந்தது. பண்ணினேன். அம்புக்குறிக்குப் பக்கத்தில் நாலைந்து வரிகளில் ஒரு மெனு விரிந்தது. அது சாகவில்லை, நான்தான் அதற்கு இன்னும் எதையும் கொடுக்கவில்லை. திரையில் விரியும் ஜன்னல்களைத் திறக்க, மூட, நகர்த்த ஓப்பன்பாக்ஸ் என்ற சின்ன புரோகிராம் ஒன்றை மட்டும்தான் போட்டிருந்தேன். அது அதன் வேலையைச் செய்துகொண்டு சும்மா நின்றிருக்கிறது.

அன்றைக்கு நான் அதிர்ந்தது போல என் படிப்புக் காலம் முழுக்க அதிர்ந்ததில்லை. டெஸ்க்டாப் என்பது ஒரே பொருள் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் எல்லாம் தனித்தனி. கீழே ஓடும் பட்டைக்கு ஒரு புரோகிராம். பின்னால் தெரியும் படத்துக்கு ஒரு புரோகிராம். வைஃபை அடையாளத்துக்கு ஒன்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று. மணி பார்க்கக்கூடத் தனியாக ஆள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடி, போனின் நெட்டைப் பகிர்ந்து இறக்கி, அது அது தானாகக் கிளம்ப ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன். தமிழ் எழுத்துக்கும் தனியாக ஃபான்ட் போட வேண்டும் என்பது தெரியாமல் ஒரு பக்கத்தைத் திறந்தேன். தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வந்தது.

"இன்னாமே இது, ஜன்னல் ஜன்னலா கீது" என்றார் மாமா. விபத்துக்குப் பிறகு அவர் கிண்டலாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அந்தக் கட்டங்களை மன்னித்தேன்.

கடைசியில் எல்லாம் சேர்ந்தபோது லேப்டாப் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. மாமாவை உட்கார வைத்து, முன்னால் ஒரு பழைய டெலிவரி சலானை வைத்து, "இதுல கீறத அப்டியே ஏத்து" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. வலது கை எப்போதும் போலத் துண்டுக்குள் இருந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பீச்சாங்கையால போய் வேல செய்யச் சொல்றியா?"

"சோறு திங்கல அந்தக் கையால? ஸ்பூன் புடிக்கல?"

"அது வேறமே."

"இன்னா வேற?"

துண்டை இன்னும் இழுத்துச் சுற்றிக்கொண்டார். வெட்டி வீம்பு என்று நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்று நன்றாகவே கத்தினேன். பிறகு அவர் இடது கையை எடுத்துக் கீ போர்டின் மேல் வைத்தார். வைத்ததும் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மின்விசிறி தலைக்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கஷ்டப்படுகிறார், அதனால் இன்னும் சுலபமாக்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. நாமே சேர்த்துக் கட்டிய டெஸ்க்டாப்பில் எதையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். கீழே இருந்த பட்டையை இடது ஓரத்துக்கு நகர்த்தினேன். மவுஸ் பட்டன்களை இடது கைக்கு மாற்றினேன். இரண்டு கீ சேர்த்து அமுக்க வேண்டியதையெல்லாம் ஒரே கீயாக்கினேன். அதற்கென்று இருக்கும் ஃபைலில் ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டதில் ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு கீயும் வேலை செய்யாமல் பேஜாராகி, பிறகு கண்டுபிடித்துச் சரிசெய்தேன். ஜன்னலை மூட, எண் ஒன்றுக்கு இடப்பக்கம் இருக்கும் கீயைக் கொடுத்தேன். வழக்கமாக மூடும்போது, சேமிக்கவா வேண்டாமா என்று அது கேட்கும். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு தடவை அமுக்க வேண்டும். எதற்கு அந்தக் கைக்கு இன்னொரு வேலை என்று, கேட்காமலேயே மூடிவிடும் கட்டளையாகப் பார்த்து வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமா மெல்ல மெல்லப் பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சலான் முழுக்க ஏற்றி முடிக்கப் போகிறார். கடைசி வரி. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். ஒன்று என்ற எண்ணைத் தட்டப் போன விரல், பக்கத்துக் கீயில் பட்டது.

ஏற்றியதெல்லாம் ஒரே நொடியில் காணாமல் போய், வெறும் திரை நின்றது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மாமா சுவரோரம் நின்றார். இடது கையை மார்போடு சேர்த்து, வலது கையால், அந்த இரண்டு விரல்களால், இறுக்கிப் பிடித்திருந்தார். முதலில் நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லாததுபோல வெளுத்துப் போயிருந்தது.

"இன்னா பண்ண நீ?"

"ஒண்ணுமில்ல மாமா. ஒரே கீல மூடுற மாரி வச்சேன். உனக்கு ஒரு கைதானேன்னு."

"அது கேக்காதா?"

"கேட்டா இன்னொரு தபா அமுக்கணும். அதான் கேக்காம மூடுறத வச்சிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார்.

"நாங்களும் அதான்மே பண்ணோம்."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். மெஷினில் இரண்டு பச்சை பட்டன்கள் இருக்குமாம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் டை இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் ஒரு கையும் உள்ளே போகாது; அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி வேலை செய்தால் டார்கெட் வராது. அதனால் ஒரு பட்டனில் மடித்த அட்டையைச் செருகி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி வைத்துவிடுவார்கள். ஒரு கை தகட்டைத் தள்ளும், இன்னொரு கை மிச்சமிருக்கும் பட்டனை அமுக்கும். ஆடிட் என்று சோதிக்க ஆள் வரும் அன்றைக்கு மட்டும் அட்டை பாக்கெட்டுக்குப் போய்விடும்.

"அப்போ மெஷின் தானா எறங்கல?"

"இல்ல." இடது கையை என் முன்னால் நீட்டினார். "இந்தக் கைதான்மே அமுக்குச்சு. அந்தக் கை உள்ள கீறப்போ, இந்தக் கை அமுக்கிடுச்சு."

கையிலிருந்த வெங்காயம் எங்கே உருண்டது என்று தெரியவில்லை. எத்தனை பேரிடம் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். அவர் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்ததைப் பார்த்து என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன். அந்தக் கையையே தினமும் இழுத்து உட்கார வைத்து, ஒரே அமுக்கில் எல்லாம் நடக்கும்படி செய்து கொடுத்திருக்கிறேன். கேள்வியே கேட்காத ஒரு மெஷினை வீட்டுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறேன். அழக்கூட வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

"அந்த அட்ட இப்போ எங்க கீது?"

அவர் விழுந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தப் போனார்.

"மாமா, உன்னத்தான்."

"அங்கயேதான் கீது. எல்லா மெஷின்லயும் கீது."

"உன் மெஷின்ல யாரு நிக்கிறாங்க?"

"ஒரு பொண்ணு. கான்ட்ராக்ட்ல வந்துகினு கீது. பொன்னேரி பக்கமாம்."

உண்மையைச் சொல்கிறேன். என் மனசில் முதலில் வந்தது அந்தப் பெண்ணின் கை இல்லை, டெஸ்பாட்ச் சீட்தான். இது வெளியே தெரிந்தால், தப்பு உன்னுடையது என்று சொல்லி அந்த சீட்டை இல்லை என்றாக்க கம்பெனிக்கு எவ்வளவு நேரமாகும்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்த நினைப்பு வந்த வேகத்தில் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் அவருடைய போனை எடுத்து, அந்த ஷிப்ட் தம்பியின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினேன்.

"டேய், அந்த அட்டய எடுத்துர்றா" என்றார் மாமா, எடுத்த எடுப்பில்.

"இன்னாண்ணா திடீர்னு? டார்கெட் போவாதே."

"போவாட்டி போவுது. அந்தப் பொண்ணு மெஷின்ல மொதல்ல எடு."

அவன் மெதுவாகச் சொன்னான். "நீதானண்ணா எங்களுக்குக் கத்துக் குடுத்த."

இதற்கு மேல் அதிர்ச்சியடைய எனக்கு இடமில்லை என்று நினைத்திருந்தேன். இருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாடா. நான்தான் கத்துக் குடுத்தேன். இப்பவும் நான்தான் சொல்றேன், எடு. நாளைக்கு நானே வந்து மேனேஜராண்ட சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இத பழையபடி மாத்து. எப்டி இருந்துச்சோ அப்டி. ரெண்டு கை வச்சாத்தான் மூடணும். கேட்டுட்டு மூடணும்."

மாற்றினேன். கன்ட்ரோலும் க்யூவும் சேர்த்து அமுக்க வேண்டும். க்யூ இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கத்திலும் ஒரு கன்ட்ரோல் கீ உண்டு. அவர் இடது கையின் விரலை க்யூ மேல் வைத்தார். துண்டை விலக்கிவிட்டு வலது கையை எடுத்து மேஜை மேல் வைத்தார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அந்தக் கை வெளிச்சத்தில் ஒரு வேலைக்காக வந்து நான் பார்த்ததே இல்லை. தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாக, மினுமினுப்பாக இருந்தது. சுண்டு விரல் மெல்லப் போய் கன்ட்ரோல் கீயின் மேல் உட்கார்ந்தது. அமுக்கினார். சேமிக்கவா என்று கேட்டது. அவர் அந்தக் கேள்வியைப் படித்தார். மறுபடியும் திறந்து, மறுபடியும் அமுக்கினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவர் கம்பெனிக்குப் போனார். நான் கடையில் ஒரே நகலை மூன்று தடவை எடுத்தேன். டெஸ்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மேனேஜர் கத்தினாராம். பிறகு எழுந்து ஷாப்புக்குள் போய் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, வீட்டுக்குப் போ என்றாராம்.

"சீட்டு?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். எவ்வளவோ நாள் எந்தத் தகவலும் இல்லை. நான் சிடுசிடுவென்று இருந்தேன். மாமா மட்டும் தினமும் சலானை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் டெஸ்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் சொன்னதற்காகக் கூப்பிட்டார்களா, வேறு ஆள் கிடைக்காமல் கூப்பிட்டார்களா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அங்கே இருந்த கம்ப்யூட்டர் எல்லா ஆபீஸிலும் இருப்பதுதான். பட்டை கீழேதான் இருந்தது, மவுஸ் வலது கைக்குத்தான் இருந்தது. மெதுவாகத்தான் செய்தாராம். ஆனால் செய்து முடித்தார். வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து ரயிலில் வந்து, வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் மெஷின் மாலு இன்னிக்கு பாதிதான்மே வந்துச்சு. நான்தான் ஏத்துனேன். சூப்பர்வைசர் கத்திக்கினே கீறாரு."

டார்கெட் ஒரு பெட்டி குறைந்தாலே அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர் இவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கொறச்சலா வந்ததுக்கா இந்த சிரிப்பு?"

"கொறச்சலா வந்தா, அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் பட்டன் மேல வச்சிக்கினு நிக்கிதுன்னு அர்த்தம்மே" என்றார்.

நான் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் அவர் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு எவ்வளவு வந்தது? குறைவு என்று சொன்னால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.